மெயில் மரியதாஸ் அண்ணனிடம் நான் சொல்லாதது

போன புதன்கிழமை காலை கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, ராயப்பன்பட்டியிலிருந்து மரியதாஸ் அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, போனில் கூப்பிட்டார். "செல்வி, ஒங்க அண்ணன் போய்ட்டாக" என்றார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். இனி யாரிடம் போய் ஒப்புக்கொள்வேன்?

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே மரியதாஸ் அண்ணன் நடத்திய பிரவுசிங் சென்டரில் பதினோரு வருடமாக நான் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட்டுக்கும் நர்சிங் வேலைக்கும் விண்ணப்பிக்க வருகிறவர்கள் பலருக்கு மெயில் முகவரியே இருக்காது. அண்ணன்தான் தொடங்கிக் கொடுப்பார். அதனால் ஊரில் 'மெயில் மரியதாஸ்' என்றால்தான் தெரியும். பாஸ்வேர்டு அடிக்கும் நேரம் வந்ததும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "நான் பாக்கல, நீங்க அடிங்க" என்பார். ஒருமுறை ஒரு பெரியவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். அண்ணன் காதையும் பொத்திக்கொள்ள, கடையே சிரித்தது.

என்னிடம் அவர் சலிக்காமல் சொன்னவை இரண்டு. "அவசரப்படுத்துற மெயில நம்பாத ஆத்தா. லிங்க்க அமுக்காத, நீயா உள்ள போயிப் பாரு." இன்னொன்று, பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவும் மாற்று முகவரி அல்லது போன் நம்பரைப் பற்றியது. "அங்கன அவுக வீட்டு ஆளு நம்பரத்தேன் போடணும். நம்மளது எதுக்கு?"

நான் இரண்டையும் மீறினேன். கூட்டமான நாட்களில், வீட்டு நம்பர் தெரியாமல் விழிப்பவர்களுக்கு என் சொந்த மெயில் முகவரியையே போட்டுவிடுவேன். பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்தால் திறந்து கொடுக்கச் சுலபம். உதவி என்று பெயர் வைத்துக்கொண்டேன்; உண்மையில் சோம்பல். போனுக்கு வரும் குறியீட்டையும் கொடுத்தால்தான் என் கணக்கு திறக்கும்படி வைக்க அண்ணன் சொன்னார். "அப்பறம் பாத்துக்கலாம்ணே" என்று தள்ளிப்போட்டேன்.

போன வருடம் எனக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இன்றைக்குள் சரிபார்க்காவிட்டால் மூடப்படும் என்றது. அமுக்கினேன். திறந்த பக்கத்தில் பாஸ்வேர்டையும் கொடுத்தேன். மறுநாள் என் கணக்கு என் கையில் இல்லை. அதன் வழியாக வாடிக்கையாளர்கள் சிலரின் கணக்குகளையும் களவாடிவிட்டார்கள். கோம்பைத் தங்கராசுவின் மகளுக்கு நேர்காணல் தேதி வந்திருந்த பெட்டியும் அதில் ஒன்று. அவள் அறிவதற்குள் தேதி கடந்துவிட்டது.

தங்கராசு கடைக்கு வந்து கத்தினார். "தொறந்து குடுத்தவன் நீதேன். சாவி வேற யாருகிட்ட இருக்கும்? எம்புள்ள பொழப்பக் கெடுத்துட்டியேய்யா!"

அண்ணன் கைகூப்பி நின்றார். நான் பிரிண்டருக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன். வைத்ததையே எடுத்து, மறுபடி மறுபடி வைத்தேன்.

அதன்பின் அண்ணன் மாதக்கணக்கில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். களவு போன கணக்குகளை மீட்கப் போகிறார் என்று நினைத்தேன். களவு போகாதவர்கள் வீட்டுக்கும் போனார். கடைக்கு வரும் கூட்டம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

அடக்கத்துக்குத் தங்கராசுவும் வந்திருந்தார். "நல்ல மனுசந்தேன். அந்த மெயிலு விசயத்துலதேன் மனசு கேக்கல" என்றார். அப்போதும் நான் மண்ணள்ளிப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன்.

மூன்றாம் நாள் மதினி சொன்னார்: "வீடு வீடாப் போயி ஒம் முகவரிய எடுத்துட்டு, அவுகவுக நம்பரப் போட்டுட்டு வந்தாக. 'நீ கேக்காத, செல்வியே ஒருநா சொல்லுவா'ன்னாக."

அப்படியானால் முதல் வீட்டிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருடம் என் பக்கத்து நாற்காலியில் காத்திருந்திருக்கிறார். தினமும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

நேற்று கோம்பைக்குப் போய்த் தங்கராசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத அந்த மனுசன் இருக்கையில சொல்லியிருக்கலாம்ல?" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போவம்" என்று கிளம்பினார்.

கல்லறைத் தோட்டத்தில் ஈரம் காயாத மண்ணின் முன்னால் அவர் குனிந்தார். "மரியதாசு, தப்பாப் பேசிட்டேன்யா. மன்னிச்சிரு." நான் கேட்க வேண்டிய மன்னிப்பை, ஏமாந்த மனிதர் எனக்கு முன்னால் கேட்டுவிட்டார்.

போய் வாருங்கள் அண்ணே. திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டவள் நான். உங்களைக் குறை சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் கடை ஷட்டரைத் தூக்குவேன்.