ஒரு சொட்டுக்கு ஒரு கதை

ஒன்பது வயதில் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருவது போன்றதல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. சாப்பாட்டுக்கு முன் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் காட்ட வேண்டும். அதில் வரும் எண்ணைப் பார்த்து அம்மா ஊசி போடுவாள். ஊசி எனக்குப் பழகிவிட்டது. பழகாதது அம்மாவின் முகம்தான். எண் கூடுதலாக வந்தால் அவள் திட்ட மாட்டாள்; முகம் மட்டும் சட்டென்று சுருங்கிவிடும். என் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்வேன்.

முழுப்பரீட்சை லீவில்தான் அந்த யோசனை வந்தது. தல்லாகுளத்தில் எங்கள் மாடி வீட்டில் மதியங்கள் நீண்டுகொண்டே போகும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் வேலைக்குப் போய்வந்த அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அவர் சட்டையிலிருந்து மல்லிகை வாசம் வீடெங்கும் பரவும். அம்மா அடுப்படியிலிருந்து, "எம்புட்டுக் காட்டுது?" என்று குரல் கொடுப்பாள். ஒருநாள் என் விரலுக்குப் பதில் தங்கையின் விரலைக் குத்தினேன்.

அவளுக்கு ஆறு வயது. சும்மா தரவில்லை. ஒரு சொட்டுக்கு ஒரு கதை கேட்டாள். அழகர்மலை எழுந்து வைகைக்குத் தண்ணீர் குடிக்க நடந்துவரும் கதை, தெப்பக்குளத்துக்கு அடியில் மீன்கள் டவுன் பஸ்ஸில் போகும் கதை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். கண்ணை இறுக மூடி விரலை நீட்டுவாள். "குத்துறப்ப நிறுத்தாமச் சொல்லுக்கா."

கருவியில் தொண்ணூற்றெட்டு, நூற்றிரண்டு என்று வந்தது. அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சமைத்தாள்; அதைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. எண்களைக் கேட்ட டாக்டர் இன்சுலின் அளவைக் குறைக்கச் சொன்னார்.

அதன்பின் நாட்கள் கலங்கலாகிவிட்டன. குடிக்கக் குடிக்கத் தாகம். "என்னா வெயிலு, புள்ள தண்ணியாக் குடிக்குது," என்றார் அப்பா. நான் தரையில் கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதன் இறக்கைகள் கழன்று நீந்திப் போவது போலிருக்கும். நான் சொன்ன கதைகளுக்குள்ளேயே படுத்திருப்பது போலவும் இருந்தது. அப்படி இருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. தங்கை விரலை நீட்டிக் காத்திருக்க, கதையின் நடுவில் எனக்குச் சொற்கள் மறந்துபோயின.

ஒரு காலை வாந்தி எடுத்தேன். மூச்சு இரைத்தது. என் வாயருகே குனிந்த அம்மா, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறினால் வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்த அழுகிய பழத்தின் வாசம் அடிப்பதை உணர்ந்து திகைத்தாள்.

"நேத்துக்கூட நூத்திரெண்டுதானே காட்டுச்சு?"

தங்கை அழுதுகொண்டே வந்து விரலை நீட்டினாள்.

"அது என் ரத்தம்மா."

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியது நினைவிருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரியின் வெள்ளை விளக்குகள். நான் பிழைப்பேனா என்று இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லையாம். எனக்கோ தண்ணீருக்கடியில் மெதுவாகப் போகும் ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது போலத்தான் இருந்தது.

கண் தெளிந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தாள்.

"ஏன்டி அப்படிச் செஞ்ச?"

"நம்பர் கூட வந்தா உன் மூஞ்சி மாறிருதும்மா."

அவள் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "இனிமே எம்புட்டு வந்தாலும் எங்கிட்டக் காட்டு. என் மூஞ்சி மாறாது," என்றாள்.

சொன்னபடியே இருந்தாள். வீடு திரும்பிய வாரம், ஒரு மாலை முந்நூற்றுப் பத்து வந்தது. பயந்துகொண்டே காட்டினேன். அம்மா சிரித்தாள். "சரி, ஊசியப் போட்டுட்டுப் பாப்போம்," என்று போட்டும் விட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகு அவள் வெளியே கொடியில் கிடந்த துணிகளை எடுத்துவந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மடித்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். திரும்பவும் உதறினாள். அம்மாவுக்கு மடிப்பு சரியாக இல்லாவிட்டால் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.