நாயும் பூனையும் ஒரே தட்டில்

என் பட்டறையில் இரண்டு ஆட்களுக்குள் சண்டை வந்தால் நான் விசாரணை எல்லாம் வைப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஒரே தட்டில் சோற்றைக் கொட்டி, "துன்னுங்கடா" என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வேன். ஒரே குழம்பில் கை வைத்தவன் எத்தனை நேரம்தான் முறைத்துக்கொண்டு இருப்பான்? பாதிச் சோறு போவதற்குள் எவனாவது ஒருவன் சிரித்துவிடுவான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய கம்பெனிக்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு மீட்டிங் மேல் மீட்டிங் வைத்தும் தீராத தகராறுகளை, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒரு தட்டுச் சோற்றில் தீர்த்திருக்கிறேன்.

இந்த வித்தையை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வீட்டில் காட்டினேன். அதற்குப் பிறகு என் சம்சாரம் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒற்றை லேத்தை வாடகைக் கொட்டகையில் வைத்து ஆரம்பித்தவன், நாலு லேத்தும் ஒரு ஷேப்பிங் மெஷினுமாக நிமிர்ந்து, காட்டுப்பாக்கத்தில் மனை வாங்கி வீடும் கட்டிவிட்டேன். யார் கையையும் எதிர்பார்க்காமல் கட்டிய வீடு. ஜன்னல் கம்பிகூட என் பட்டறையில் வளைத்ததுதான். நாலு பக்கமும் காலி மனை, கருவேல முள், மழை பெய்தால் தவளை. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு பகல் முழுக்க அந்த வீட்டில் இருந்தது இரண்டே ஜீவன். ஒன்று என் சம்சாரம். இன்னொன்று பூனை.

அந்தப் பூனையும் என் உபயம்தான். பட்டறையில் இரும்புச் சுருள் கொட்டிவைக்கும் குவியலுக்குள் குட்டியாகக் கிடந்தது. சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் இங்க் ஃபில்லரில் பால் புகட்டி வளர்த்தாள். வளர்ந்தது, உடம்பு மட்டும். தைரியம் என்ற சாமானைக் கடவுள் அதற்கு வைக்க மறந்துவிட்டார். குக்கர் விசில் அடித்தால் பீரோ மேல் ஏறும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கட்டிலுக்கு அடியில் போகும். ஒருமுறை கரப்பான்பூச்சி ஒன்று எதிரே வர, ஒதுங்கி அதற்கு வழி விட்டதை என் கண்ணால் பார்த்தேன். புலிச் சாதியாம்! என் சம்சாரத்தைத் தவிர யாரிடமும் வராது. வீடு கட்டியவன் என்ற மரியாதைகூட எனக்குக் கிடையாது. ஆனால் அவள் அரிசி புடைத்தால் முறத்துக்குப் பக்கத்தில் உட்காரும், அவள் படுத்தால் கால்மாட்டில் சுருளும். அவளும் நாள் பூராவும் அதனோடுதான் பேசிக்கொண்டிருப்பாள். என்னோடு பேசியதைவிட அதிகம்.

இப்படி இருக்கும்போது, பட்டணத்தில் தெரு நாய்களை வைத்துப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றுக்குக் கூண்டுக் கதவு செய்யும் வேலை எனக்கு வந்தது. கதவுகளை மாட்டப் போன இடத்தில் ஒரு செவலை நாய். லாரியில் அடிபட்டுப் பிழைத்ததாம், ஒரு காது கிழிந்திருக்கும். டிரில்லிங் சத்தத்துக்கு மற்ற நாய்கள் எல்லாம் ஊளையிட, இது மட்டும் ஒரு அங்குலம் நகராமல் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆள் பார்த்து எடுப்பதில் என்னை மிஞ்ச முடியாது. இதுதான் ஆண் சிங்கம், காலி மனையில் திரிகிற திருடனுக்கு இதுதான் சரி என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

காப்பகத்து அம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ்.

"சார், இதைக் கண்டிப்பா படிச்சுப் பார்த்துட்டு அப்புறம் கூட்டிட்டுப் போங்க. வீட்ல பூனை இருக்குன்னு வேற சொல்றீங்க."

மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். நடுவில் தடித்த எழுத்து வந்த இடத்தில் தலையை இரண்டு முறை ஆட்டினேன்.

"நல்லா வெவரமா எழுதியிருக்கீங்கம்மா" என்றேன்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நாலு லேத்து வைத்திருக்கிறவன் ஒரு நாயை வீட்டுக்குள் விடுவதற்குப் படித்துப் பார்க்க வேண்டுமா?

கதவு ஏற்றிப் போன டெம்போவிலேயே நாயும் நானும் வந்து இறங்கினோம். வாசலில் என் சம்சாரம்.

"இன்னாய்யா இது?"

"நாயி."

"எனுக்கும் கண்ணு கீது. எதுக்கு இட்டாந்தேன்னு கேட்டேன்."

"திருட்டுப் பயம்மே. காலி மனையில எவன் எவனோ பீடி குடிச்சிகினு நிக்கிறான்."

"பூனைக்கு இன்னா பதில் சொல்லப் போறே?"

"பூனைக்கு நான் பதில் சொல்லணுமா? பட்டறையில எத்தினி பேரை ராசியாக்கிக் கீறேன்! ஒரே வேளையில ரெண்டையும் சேத்து வெக்கிறேன் பாரு."

"வோணாய்யா. அது பயந்த சீவன்."

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளாக இருந்திருந்தால் இன்னும் அடுத்தவன் பட்டறையில் கூலிக்கு இரும்பு ராவிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரிய அலுமினியத் தட்டில் சோற்றைக் கொட்டி மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து கூடத்து நடுவில் வைத்தேன். நாயை ஜன்னல் கம்பியில் கட்டித் தட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பூனையைத் துண்டில் சுற்றி இழுத்து, அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, துண்டை உருவி, "துன்னுங்க" என்றேன்.

நாய் மரியாதையாக வாலை ஆட்டி, மோந்து பார்க்க மூக்கை நீட்டியது. அவ்வளவுதான். பூனை மயிர் சிலிர்த்து இரண்டு மடங்காக உப்பியதைப் பார்த்தேன். அது போட்ட சத்தம் பூனை போடுகிற சத்தமே இல்லை. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்து, நாயின் முதுகில் கால் வைத்து, டி.வி. மேல் ஏறி, அங்கிருந்து சமையல்கட்டுப் பரணில் தாவி, அண்டாவுக்குப் பின்னால் மறைந்தது. நாய் என்ன செய்தது? நிதானமாக முழுத் தட்டையும் காலி செய்தது. சமாதானச் சாப்பாட்டை அந்த அளவுக்கு ரசித்துச் சாப்பிட்ட ஆளை நான் பட்டறையில்கூடப் பார்த்ததில்லை.

"ஆச்சாய்யா உன் பஞ்சாயத்து?" என்றாள் சம்சாரம். அதுதான் கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகு எனக்கு வேண்டிய செய்தி எல்லாம் சுவர் வழியாகவோ நாய் வழியாகவோதான் வரும். "அந்த ஆளாண்ட சொல்லு, சோறு ஆறிப்போவுது" என்பாள் நாயிடம். நாய் வாலை ஆட்டும். நான் போய்ச் சாப்பிடுவேன்.

பூனை இறங்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் பால் வைத்தாள், திரிந்து போயிற்று. மீன் துண்டு வைத்தாள், எறும்பு மொய்த்தது. அண்டாவுக்குப் பின்னால் இரண்டு கண் மட்டும் தெரியும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தொண்டை கட்டிப்போயிற்று. மூன்றாவது நாள் காலை ஸ்டூலிலிருந்து இறங்கி, சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"மூணு நாளா ஒரு வாய் தண்ணி எறங்கல. அது செத்துச்சுன்னா நான் எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிடுவேன். இந்த ஊட்டை நாயும் நாயோட மொதலாளியும் கட்டிகினு அழட்டும்."

அண்ணன் வீடு கோவில்பதாகையில். பஸ் மாறி மாறிப் போகிற தூரமாயிற்றே, போக மாட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்பு ஒருமுறை கோபத்தில் பாதி தூரம் நடந்தே போனவள். ஆனால் என்னைப் பயமுறுத்தியது அந்தப் பேச்சு இல்லை. அலமாரியில் அவள் தட்டு காய்ந்து கிடந்தது. முந்தின நாளும் அப்படியேதான் கிடந்தது. எனக்கு மட்டும் வேளா வேளைக்குப் போட்டுவிட்டு, அவளும் பூனையோடு சேர்ந்து பட்டினி கிடந்திருக்கிறாள்.

பட்டறைக்குப் போனேன். எங்கள் மூத்த ஃபிட்டர் என் கையைப் பார்த்தான்.

"இன்னா மொதலாளி, கையில கோலம் போட்டுகினு வந்துகீறே?"

"முள்ளு கிழிச்சிடுச்சி."

"முள்ளுக்கு நகம் கீதா நைனா?"

அவனிடம் பேச்சு வளர்க்காமல், கொட்டேஷன் டைப் அடிக்கும் பெண்ணிடம் போய் காப்பகத்தில் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். "கண்ணாடியை ஊட்ல மறந்துட்டேன். இத்த கொஞ்சம் தமிழ்ல சொல்லும்மா" என்றேன். நான் கண்ணாடி போட்டதே கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். நல்ல பெண், கேட்கவில்லை.

"முதல் நாளே ரெண்டையும் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாதாம் சார். பூனையைத் தூக்கிட்டுப் போய் நாய் முன்னாடி வைக்கவே கூடாதாம். சாப்பாடு தனித்தனியா வைக்கணும், ஒரே தட்டில…"

"போதும், அடுத்தது சொல்லு."

பின்னால் ஃபிட்டர் சிரிப்பை அடக்கமுடியாமல் திணறினான். "எழுதினவங்க உன் ஊட்டு ஜன்னலாண்ட நின்னு பாத்து எழுதினாப்ல கீது மொதலாளி!"

மிச்சத்தையும் படித்தாள். நடுவில் தடுப்பு வைக்க வேண்டும். நாயின் வாசனை பட்ட துணியைப் பூனைக்குப் பக்கத்தில் போட வேண்டும். எப்போது வருவது என்பதைப் பூனைதான் முடிவு செய்யும். வாரக்கணக்கில் ஆனாலும் அவசரப்படுத்தக் கூடாது. பொறுமை! எனக்கு மிகவும் பிடித்தமான குணம்!

அன்றைக்கு ஒரு லேத்தை நிறுத்திவிட்டு நானே கம்பி வெட்டி, வெல்டிங் வைத்து, இடுப்பு உயரத்தில் ஒரு கிரில் கதவு செய்தேன். அந்த மாதிரி சத்தமே வராத கீல் இந்த ஜில்லாவில் எவனும் வைத்திருக்க மாட்டான். சமையல்கட்டு வாசலில் மாட்டினேன். உள்ளே பூனை, வெளியே நாய். சம்சாரம் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சுவரிடம் சொன்னாள்:

"பேரிங்கை ஏத்தச் சுத்தியால தட்டினவனைப் பட்டறை வாசல்ல நிக்க வெச்சி ஒருத்தரு அந்தக் கத்து கத்தினாராம். எண்ணெயில சூடு பண்ணுடா, அதுவா வந்து உக்காரும்னு. ஊட்டுக்கு வந்தா மட்டும் சம்மட்டிதான்."

அந்த ஒருத்தர் நான்தான், கதையை அவளிடம் பெருமையாகச் சொன்னவனும் நான்தான்.

நாய் படுத்திருந்த என் பழைய காக்கிச் சட்டையைக் கதவுக்கு மேலாக நீட்டினேன். வாங்கிப் பரணில் வைத்தாள். பக்கத்தில் நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்தாள். மறுநாள் காலை பார்த்தால் கருவாட்டுத் தட்டு காலி, பூனை என் சட்டை மேல். நான் நாயிடம் சொன்னேன், என் சட்டை வாசனைக்குத்தான் அது வந்தது என்று. அவள் சுவரிடம் சொன்னாள், கருவாட்டுக்குத்தான் என்று. அன்றைக்கு அவளும் தட்டு எடுத்துச் சாப்பிட்டாள். தீர்ப்பு எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போதும் சொல்கிறேன், சட்டைதான்.

நாயின் கவனம் அந்தப் பக்கம் போகாமல் இருக்க எலும்பு வாங்கப் பூந்தமல்லிக்குப் போனேன். கறிக்கடை பாய் கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நாயிக்கு எலும்பு, பூனைக்குக் கருவாடு. உனுக்கு இன்னா வெக்கிறாங்க அண்ணாத்தே?" என்றார். "கஞ்சி" என்றேன். கூட நாலு எலும்பு சும்மா போட்டார்.

பதினோராவது நாள் சாயங்காலம். நான் கூடத்தில் தரையில் சம்மணம் போட்டு, நாயின் தலையைத் தொடையில் வைத்து, கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பூனை பரணிலிருந்து ஆட்டுக்கல்லுக்கும், அங்கிருந்து தரைக்கும் இறங்கியது. சம்சாரம் கிரில் கதவைத் திறந்து, நெத்திலித் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, சுவரோரமாக ஒதுங்கினாள்.

ஒரு அடி வைத்தது. நின்றது. தெருவில் எவனோ ஸ்கூட்டரை உதைத்தான், உள்ளே ஓடியது. திரும்ப வந்தது. அப்போதுதான் என் தொடையில் ஏதோ நடுங்குவது தெரிந்தது. நாய். வாலைக் காலுக்கிடையில் சொருகிக்கொண்டு, முகத்தை என் மடியில் புதைத்துக்கொண்டிருக்கிறது, என் ஆண் சிங்கம். அன்றைக்குக் காப்பகத்தில் அது அசையாமல் உட்கார்ந்திருந்தது தைரியத்தில் இல்லை, பயத்தில் உறைந்து போய். ஆள் பார்த்து எடுப்பதில் என்னை மிஞ்ச முடியாது என்றேன் அல்லவா? மிஞ்ச முடியாதுதான். அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன்.

பூனை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. இன்னும் இரண்டு அடி. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு கண்ணைத் தட்டிலும் ஒரு கண்ணை எங்கள் மேலும் வைத்துக்கொண்டு, முதல் நெத்திலியைக் கடித்தது.

என் இடது கால் மரத்துப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மெல்ல நீட்டலாம் என்று இடுப்பை அசைத்தேன்.

"அசையாதேய்யா" என்றாள் சம்சாரம். சுவரைப் பார்த்து இல்லை, நாயைப் பார்த்தும் இல்லை. என்னைப் பார்த்து. "கால் மரத்துப் போச்சா? போவட்டும். அது துன்னு முடிக்கட்டும்."

நான் அசையவில்லை. ஆறு நெத்திலியைத் தின்று முடிக்க அந்தப் பூனைக்கு அரை மணி நேரம் ஆயிற்று.