உதைக்க மனசில்லாத கம்பெனி

போன வாரம் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு கால்பந்தை எடுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். நான் மாம்பழம் பொறுக்குகிறேன் என்று கடைப் பையன் நினைத்திருப்பான். வாசனையே இல்லை! நான் வேலை பார்த்த கம்பெனியின் பந்துக்கு ரப்பர் பாலும் பசையும் கலந்த ஒரு நாற்றம் உண்டு. சட்டையைத் துவைத்தாலும் போகாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மெல்ல நகர்ந்து உட்காருவார்.

தொண்ணூறுகளில் கிணத்துக்கடவுப் பக்கம் அந்தக் கம்பெனியில் எனக்கு வேலை. வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் பந்து செய்து அனுப்புவோம். பெண்கள் முப்பத்திரண்டு துண்டுகளைக் கையால் தைப்பார்கள். நான் டேப்பால் சுற்றளவு பார்த்து பாஸ் போடுவேன். பெரிய பதவிதான். அதுவரை ஒரு பந்தையாவது உதைத்திருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சொல்லப்போனால் அங்கே யாருமே உதைத்ததில்லை. தவறிக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சோறு போடுகிற பொருள் அல்லவா? உலகமே உதைக்கப்போகிற பந்துக்கு எங்கள் கூடத்தில் மட்டும் சாமி மரியாதை.

ஒரு வருஷம் ஆர்டர் படுத்துவிட்டது. புது பிராண்டு ஒன்றிலிருந்து வெள்ளைக்காரர் ஒருவர் பந்தைச் சோதிக்க வந்தார். அவர் சரி என்றால் தையல் நடக்கும், இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும். பயந்தவர்களில் சரசக்காவும் உண்டு. புருஷன் இறந்தபின் கொழுந்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டு தைக்க வந்தவர். "செத்தாலும் அவங்க தோட்டத்துல களை வெட்டப் போமாட்டன் கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே தைப்பார்.

வெள்ளைக்காரர் பந்தை வாசலில் வைத்து, உதையுங்கள், அப்புறம் அளக்கலாம் என்றார். மேனேஜர் பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அடுத்து நான். பந்து ஒரு முழம் உருண்டது, என் கையும் தானாகக் கண்ணுக்குப் போயிற்று. பேக்கிங் பழனிச்சாமி செருப்பையே கழற்றிவிட்டு வந்து நின்றார். வெள்ளைக்காரர் முகம் மாறியது. செய்தவர்களே உதைக்கப் பயந்தால் அந்தப் பந்தை யார் நம்புவது? ஃபைலை மூடினார்.

"அட, தள்ளுங்க சார்!"

சரசக்கா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடிவந்து விட்டார் ஒரு உதை. பந்து மதிலைத் தாண்டித் தென்னந்தோப்புச் சாணிக்குழியில் போய் விழுந்தது. எடுத்துவந்து, கழுவி, அளந்தேன். நூலளவும் மாறவில்லை.

"என்னக்கா, கண்ணுல ஒத்திக்கலியா?" என்று கேட்டேன்.

"ஒதைக்கறதுக்குத்தானே கண்ணு தெச்சோம்? இதுல என்ன மருவாதி வேண்டிக்கெடக்குது?"

ஆர்டர் வந்தது. சில வருஷம் ஜோராக ஓடியது. பிறகு தைக்காமல் ஒட்டுகிற பந்துகள் வந்தன, கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.

மூடிய அன்று, "இனி கொழுந்தனார் தோட்டந்தானாக்கா?" என்று வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன். கேட்ட நொடியே வெட்கமாகிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"நேத்தே போனன் கண்ணு. வரப்பே இல்ல. கல்லு நட்டு, வீடு கட்ட சைட்டு போட்டு வித்துட்டாங்க."