கோன்ட்ராக்காரர்கள் ஊத வேண்டாம்

கிள்ளானில் வேலைக்குப் போகிறவர்களாகச் சேர்ந்து நடத்தும் ஓர் அணிவகுப்பு பேண்டில் நான் கோன்ட்ரா ஊதுகிறேன். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிற பெரிய டியூபாவுக்குத்தான் அந்தப் பெயர். தோளில் ஏற்றிவிட்டால் ஒரு பக்கம் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. வார நாட்களில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து எந்தக் கொள்கலன் எங்கே நிற்கிறது என்று தொலைபேசியில் துரத்திக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை பிற்பகல் மட்டும் என்னுடையது.

எங்கள் பேண்டில் கோன்ட்ரா மூன்றுதான். ஒன்று என்னிடம். இன்னொன்றை, தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டுகிற ஒருவர் ஊதுகிறார். நான் அவரை அண்ணே என்பேன். மூன்றாமவர் என்னைவிட மூத்த ஓர் அக்கா. ரயில்வே குடும்பத்துப் பெண், மெதடிஸ்ட் தேவாலயத்தில் சின்ன வயதிலிருந்தே பாடுகிறவர். மற்ற வாத்தியக்காரர்கள் எல்லாரும் எங்களுக்கு முன்னால் நிற்பார்கள். எங்கள் சத்தம் சரியாக இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிசகினால் எல்லாரும் திரும்புவார்கள்.

போன வருடம் பிரிக்பீல்ட்சிலிருந்து ஒரு புதுப் பயிற்சியாளர் வந்தார். கோச் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். சுருதி பார்ப்பதில் அவருக்கு ஒரே ஒரு வழிதான். குளிரூட்டிய மண்டபத்துக்குள் எங்களை வரிசையாக நிற்க வைப்பார். டியூனர் என்கிற சுருதி காட்டும் செயலியைத் திறந்து, ஒவ்வொருவரின் வாத்தியத்துக்கு முன்னாலும் கைப்பேசியை நீட்டுவார். திரையில் முள் நடுவில் நின்றால் தலையாட்டுவார், நிற்காவிட்டால் உதட்டைச் சுளிப்பார்.

அந்தக் குளிரில் கோன்ட்ராவின் சுருதி எப்போதும் இறங்கித்தான் நிற்கும். அவ்வளவு நீளக் குழாயை நம் மூச்சு மட்டும் எப்படிச் சூடாக்கும்? முள் இடது பக்கம் சாயும். "ஃபிளாட், ஃபிளாட். ஸ்லைட உள்ள தள்ளுங்க" என்பார். குழாயின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்த நீள்குழாயை நாங்கள் உள்ளே தள்ளுவோம், முள் நடுவுக்கு வரும். பிறகு கதவைத் திறந்து திடலுக்கு நடப்போம். பிற்பகல் வெயிலில் பித்தளை கொதிக்கும், தோளில் துண்டு மடித்துப் போடாமல் தூக்க முடியாது. குழாய்க்குள் இருக்கும் காற்றும் சூடாகி, எங்கள் சுருதி விறுவிறுவென்று ஏறிவிடும். டிரம்பெட் சின்னது. ஊதுகிறவன் மூச்சிலேயே அது எப்போதும் சூடாக இருக்கும் என்பதால் உள்ளேயும் வெளியேயும் பெரிய மாற்றம் தெரியாது. கடைசியில் மொத்த பேண்டுக்கும் எதிராக நாங்கள் மூன்று பேரும் ஏறி நிற்போம்.

இதோடு இன்னொன்றும் உண்டு. முதல் வால்வையும் மூன்றாவது வால்வையும் சேர்த்து அழுத்தினால் வருகிற கீழ்ச்சுரம் இயல்பாகவே கொஞ்சம் ஏறியிருக்கும். உட்கார்ந்து வாசிக்கிற டியூபாவில் இடது கையால் சின்னக் குழாயை இழுத்து அதைச் சரிசெய்யலாம். தோளில் சுமந்து நடக்கும்போது இடது கைதான் வாத்தியத்தையே தாங்குகிறது. எந்தக் கையால் இழுப்பது?

இதையெல்லாம் நான் கோச்சிடம் சொன்னேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. "சிஸ்டர், டியூனர் பொய் சொல்லாதுலா" என்பார். அண்ணேயின் வாத்தியத்தில் நீள்குழாய் உள்ளே தள்ளியபடியே இறுகிப்போய்விட்டது, இப்போது அசையவே அசையாது, பழுது பார்க்கக் கொடுங்கள் என்றும் கேட்டோம். "பாக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஷா ஆலாமில் ஒரு திறந்தவெளிப் போட்டி வந்தது. சீருடை போட்டு, நுழைவாயிலுக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கோச் எங்கள் வரிசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

"கோன்ட்ரா மூணு பேரும் இன்னைக்கு ஊத வேணாம். தூக்கிக்கிட்டு நடங்க, விரல மட்டும் ஆட்டுங்க. போன தடவை ஜட்ஜு உங்களத்தான் சொன்னாங்க, இன்டோனேஷன் ப்ராப்ளம், சுருதி சேரலன்னு."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்காவின் கழுத்து சிவந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் முரசு தட்டிவிட்டார்கள். பேண்ட் நகர்ந்தால் நாமும் நகர்ந்தாக வேண்டும். முழு நிகழ்ச்சியும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, வால்வுகளை அழுத்திக்கொண்டு, ஒரு மூச்சுக்கூட உள்ளே விடாமல் நடந்தேன். அத்தனை கனத்தைச் சுமந்து நடக்கிறவளுக்கு மிஞ்சியது அந்தச் சத்தம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு கனத்தை மட்டும் என் தோளில் விட்டுவைத்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் விளக்கு தூக்குகிறவருக்குக்கூட விளக்கு எரியும்.

மதிப்பெண் தாளில் சுருதி மேம்பட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். கோச் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார், எல்லாரும் கை தட்டினார்கள்.

அம்மா பார்க்க வந்திருந்தார். காரில் திரும்பும்போது ரொம்ப சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு நல்லா ஊதுன. உன் சத்தம் எனக்குத் தனியா கேட்டுச்சு."

"நான் ஊதவே இல்லம்மா."

அம்மாவுக்குப் புரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது காப்பார் சாலைத் திருப்பம் வந்துவிட்டது.

"அப்ப நான் எதக் கேட்டேன்?" என்றார். பிறகு, "அந்த ஆளு வாயப் பொத்துன்னா, நீ பொத்திக்கிட்டு வந்துருவியா? காலேல எந்திரிச்சு உனக்கு உடுப்பு இஸ்திரி போட்டுக் குடுத்தேன், இதுக்குத்தானா?"

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல் வலித்தது.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் கோச் கைப்பேசியை நீட்டியபோது நான் ஊதவில்லை.

"என்ன சிஸ்டர்?"

"இங்க வேணாம் கோச். நாங்க வெளிய போய் டியூன் பண்றோம்."

"அதான் இன்டோனேஷன் நல்லா வந்துருச்சே. பேப்பர்ல பாத்தீங்கல்ல?"

"நாங்க ஊதல. அதனால வந்துச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார். டிரம்பெட் வரிசை சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "அடுத்த ஷோவுல நாங்க ஊதுவோம். வேணாம்னா இப்பவே சொல்லுங்க. இதக் கீழ வெச்சிட்டு வீட்டுக்குப் போறேன். தூக்கிக்கிட்டு நடக்க வேற ஆளப் பாருங்க."

அண்ணே என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, "விடு தங்கச்சி, ஊதலன்னா நமக்கும் கொஞ்சம் ரெஸ்ட்தானே" என்றார். கோச்மேல் வந்ததைவிட அப்போது அவர்மேல்தான் எனக்கு அதிகம் கோபம் வந்தது. அக்கா தன் கோன்ட்ராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன். கொஞ்சம் பொறுத்து அண்ணேயும் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

பித்தளை நன்றாகச் சூடாகும் வரை வெயிலிலேயே ஊதிக்கொண்டு நின்றோம். பிறகு டிரம்பெட் வாசிக்கிற ஒருத்தியை வெளியே வரச்சொல்லி ஒரு சுரம் பிடிக்கச் சொன்னோம். அக்கா அதைக் காதில் வாங்கி அதே சுருதியில் பாடிக் காட்டினார், நானும் அவரும் அதற்கேற்ப நீள்குழாயை இழுத்தோம். கைப்பேசியை யாரும் எடுக்கவில்லை. அண்ணேயின் இறுகிய குழாயை அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம், அசையவில்லை. அந்த வாரமே நான் அதை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். யார் அனுமதியும் கேட்கவில்லை. ஏறி நிற்கிற அந்தக் கீழ்ச்சுரத்துக்கு உதட்டைத் தளர்த்தி ஊதிப் பழகினோம். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை.

அடுத்து, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு தெரு ஊர்வலம். நாங்கள் ஊதினோம், கோச் தடுக்கவில்லை. அற்புதமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஒரு திருப்பத்தில் நான் தடுமாறி ஒரு சுரத்தை விட்டேன். ஆனாலும் நகைக்கடைகளின் கண்ணாடி அதிர்ந்ததை என் தோள் உணர்ந்தது. முன்னால் போன டிரம்பெட்காரன் ஒருவன், இத்தனை நாளில் முதல்முறையாக, பிசகு இல்லாமலேயே திரும்பிப் பார்த்தான்.

இப்போது எங்கள் பேண்ட் திடலில்தான் சுருதி பார்க்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கோச், "அவுட்டோர் டியூனிங் என்னோட மெதட். ப்ராஸ் சூடான பிறகுதான் பாக்கணும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் விடவில்லை.

"கோச், உங்க மெதட் டியூனர்லா. இது எங்களுது."

புதியவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் சிரித்து மழுப்பி, "சரி சரி, டீம் வர்க்தானே" என்றார். அந்தப் போட்டி நாளில் எங்களை ஊதவிடாததற்கு இன்றுவரை அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. சொல்லும்வரை நானும் அவரிடம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேசுவதாக இல்லை.