பத்தரை அங்குல டயர்

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில் நான் டயர் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. டயர் விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொருந்தாத டயரை ஒருத்தர் கேட்டால் கொடுப்பேன், ஆனால் திட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். ஜீப் ஓட்டுகிற கடற்கரையையும் அப்படித்தான் திட்டினேன். இன்னும் பலமாகத் திட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பெயர் கடற்கரையே தவிர, அவர் பிழைப்பு முழுக்க மலையில். குற்றாலத்துக்கு மேலே கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற ஒரு எஸ்டேட்டுக்கு வாரம் இரண்டு நடை ஜீப்பில் சாமான் ஏற்றிப் போவார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. மேலகரத்தில் ஒற்றை அறை வீடு. மனைவி மாரிச்செல்வி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகளைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவள் பொங்கலுக்கு வருவாள், வந்த அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள். வீட்டுக்குப் போய் என்னதான் செய்வீர் என்று ஒருமுறை கேட்டேன். பூட்டைத் திறப்பேன், லைட்டைப் போடுவேன் என்றார்.

போன வருடம் புரட்டாசியில் எஸ்டேட் முதலாளி உமாசங்கர் ஜீப்பை நாலு அங்குலம் தூக்கிக் கட்டச் சொன்னார். பாதையில் துருத்திக்கொண்டிருக்கிற பாறை அடியில் இடிக்காமல் இருக்க அது சரியான வேலைதான். பழைய டயர் நாலும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. முதலாளி இருப்பது சென்னையில். எந்த டயர் போடுவது என்பதைக் கடற்கரையே முடிவு செய்யட்டும், பாதை அவருக்குத்தானே தெரியும் என்று போனில் சொல்லிவிட்டார்.

நான் இரண்டு டயரை எடுத்துப் போட்டேன். ஒன்று ஏழு அங்குல அகலம், அந்தக் காலத்து ஜீப்புக்கெல்லாம் போடுகிற ஒல்லி டயர். இன்னொன்று பத்தரை அங்குலம், ஊர்ப் பையன்கள் வண்டி எடுப்பாகத் தெரியவேண்டும் என்று கேட்டு வாங்குவது. உயரம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். குற்றால அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு ஆனி ஆடிச் சாரல்தான் மழை. மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழை. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், மத்தியானத்துக்கு மேல் ஊற்றித் தள்ளும், பாதை சேறாகிவிடும். ஒல்லி டயர் அந்தச் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் அடியில் இருக்கிற கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேலேயே மிதந்து இறக்கத்தில் வழுக்கும்.

இதற்கு மேல் இங்கே ஒரு சோதனை உண்டு. டயரின் ஓரத்தில் சுண்ணாம்பைத் தடவி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்ப்போம். டயர் உரசுகிற இடத்தில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். கடற்கரை வெற்றிலை போடுகிறவர். தன் டப்பியிலிருந்த சுண்ணாம்பை எடுத்து அவரே தடவினார். ஒல்லி டயர் எங்கேயும் படவில்லை. அகல டயர் இரண்டு மட்கார்டிலும் வெள்ளையாகக் கோடு இழுத்துவிட்டது. கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்பாது என்று அதற்கு அர்த்தம். அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அகலத்தையே போடுங்க அண்ணாச்சி” என்றார்.

படித்துப் படித்துச் சொன்னேன். வயதான காலத்தில் வாலிபம் திரும்புகிறதோ என்று கேலியும் செய்தேன். எல்லாம் செவிடன் காதில் ஊதின சங்கு. அதற்கேற்ற ரிம்மோடு அகல டயரே ஏறியது.

ஐப்பசி பிறந்ததும் நான் சொன்னபடியே நடந்தது. காலையில் ஏறுகிற வண்டி சாயங்காலம் இறங்கவில்லை. ஏழாவது வளைவுக்கு மேல் வழுக்குகிறது என்று கடற்கரை வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் எஸ்டேட்டிலேயே தங்கிவிடுவார். அங்கே இருப்பது காவல்காரர் ஸ்டான்லி ஒருத்தர்தான். அவருக்கும் குடும்பம் என்று யாரும் கிடையாது. கூலியாட்கள் எல்லாம் வேலை முடிந்ததும் கீழே நடந்துவிடுவார்கள். அன்றைக்கெல்லாம் ஸ்டான்லி கூடுதலாக இரண்டு பிடி அரிசி போட்டுப் பொங்குவாராம். கொள்ளை வறுத்துக் காணத்துத் துவையல் அரைப்பாராம். ரேடியோவைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் பழைய கதை பேசுவார்களாம். நேற்றும் மாட்டிக்கொண்டேன் என்று மறுநாள் என் கடையில் வந்து சொல்லும்போது கடற்கரை முகம் வெளிச்சமாக இருக்கும். வண்டி மாட்டினவன் என் டயரை அல்லவா திட்ட வேண்டும்? இந்த மனிதர் சிரித்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்குப் புரியவே இல்லை.

கார்த்திகை பாதியில் ஒருநாள் காலை, ஸ்டான்லி கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. முந்தின நாள் மழையில் மாட்டிக்கொண்டு கடற்கரை அங்கேதான் இருந்தார். தூக்கி ஜீப்பில் உட்கார வைத்துக் கிளப்பினார். ஏழாவது வளைவில் ஸ்டியரிங் முழுக்க ஒடியவில்லை. பின்னால் எடுத்துத் திருப்புவதற்குள் வண்டி வழுக்கிப் பக்கத்து ஓடையில் இறங்கிவிட்டது. அங்கே போனுக்கு டவர் கிடையாது. அடுத்த எஸ்டேட் ஆட்களை ஓடிப் போய்க் கூட்டிவந்து, கயிறு போட்டு இழுத்து, தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. உயிர் தப்பிவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் வலது கையும் காலும் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மார்கழியில் கடற்கரை ஜீப்போடு வந்து ஒல்லி டயர் போடச் சொன்னார். நான் வேலையைத் தொடங்கினேன். நாலாவது போல்ட்டை முடுக்கும்போது அவராகவே பேசினார்.

“மாட்டணும்னுதான் அண்ணாச்சி அதப் போட்டேன். வண்டி மாட்டிக்கிட்டா தங்கலாம்லா. சும்மா தங்குதேன்னு சொல்ல வெக்கமா இருந்துது.”

ஐம்பத்து நாலு வயது மனிதர், வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒரு டயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நீர் அன்றைக்குத் தங்காமல் இருந்திருந்தால் ஸ்டான்லி பார்க்க ஆளில்லாமல் கிடந்து செத்திருப்பார் என்றேன். அது உண்மைதான். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தானே போடச் சொன்னேன் என்றார்.

ஸ்டான்லியை ஆய்க்குடியில் கைகால் முடங்கினவர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். கடற்கரை இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும், ஆனால் தனியாகப் போக முடியவில்லை என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

ஸ்டான்லி கம்பியைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாதி முகத்தால் சிரித்தார். பேச்சு குழறினாலும் விளங்கியது. தை பிறந்ததும் மேலே வந்துவிடுவேன் என்றார். காவல் கொட்டகையைப் பூட்டி, கேமரா வைத்துவிட்டார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடற்கரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, டயரை மாற்றிவிட்டதாகத் தொடங்கினார். அடுத்ததைச் சொல்வதற்குள் ஸ்டான்லி அவர் கையைப் பிடித்தார்.

“ஒல்லி டயரா போட்டீரு? ஏன்வே மாத்துனீரு?” என்றார். முகம் தொங்கிவிட்டது. “இனி மழைன்னாலும் சாயங்காலமே எறங்கிருவீரே.”

பிடித்த கையை ஸ்டான்லி விடவில்லை. மணியடித்துச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே கிளம்பினோம்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கடற்கரை என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, முன் டயரை எட்டிப் பார்த்தார்.

“நல்ல டயரு அண்ணாச்சி. ஒரு நாள்கூட மாட்டல” என்றார்.

பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.