படகுக்குள் தண்ணீர் வந்த வழியைக் காட்டித் தந்தார்

2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் என் படகுக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது. எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியவில்லை. எனக்கு வந்த சோதனை இவ்வளவுதான்.

இந்தச் செவ்வாய்க்கிழமைச் செபக் கூட்டத்தில் இதைவிடப் பெரிய சாட்சிகளைக் கேட்டிருக்கிறீர்கள். தீராத வருத்தம் தீர்ந்தவர்கள், காணாமற்போன பிள்ளை வீடு வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் இங்கே எழும்பி நின்று சொல்லியிருக்கிறார்கள். படகு ஒழுகியதும் ஒரு சாட்சியா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பங்குச் சுவாமி விடவில்லை. "நீர் கதைக்கிற மாதிரியே எழுதும், சனம் விளங்கிக்கொள்ளும்" என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் முல்லைத்தீவுக்கும் நாயாற்றுக்கும் நடுவில் உள்ள கரையைச் சேர்ந்தவர்கள். சுனாமி அடித்தபோது என் பழைய படகு மூன்று துண்டாகி ஒரு பனங்காணிக்குள் கிடந்தது. நாங்கள் உயிர் தப்பினோம். அடுத்த ஜூன் மாதம் உதவி நிறுவனம் ஒன்று பதினெட்டு அடி பைபர் படகு ஒன்றைத் தந்தது. சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். என் மனைவி பிலோமினா படகைச் சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டு, "முட்டைக்கோது மாதிரிக் கிடக்கு, இதை நம்பியோ போகப்போறியள்?" என்று கேட்டா. அவா சொல்வதை எல்லாம் நான் மனதில் எழுதி வைப்பேன். மற்றவர்கள் சொல்வதையும் அப்படித்தான். கரையில் யாராவது வாய் திறந்தால் எனக்குக் காது நீளும்.

என்னோடு தொழிலுக்கு வந்தவன் பிலோமினாவின் தம்பி சூசை. என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவான். பகிடிக்காரன். படகுக்குள் முதல் முதல் தண்ணீர் கண்ட நாளில், "அத்தான், புதுப் படகெல்லோ, தாகம் கூட" என்றான். சிரித்துக்கொண்டு இறைத்து ஊற்றினோம்.

ஒரு கிழமைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு நாளும் கரைக்குத் திரும்பும்போது பின்பக்கத்தில், எஞ்சின் பூட்டிய இடத்தில், கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். பைபர் ஒட்டுகிற ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் தண்ணீர் நின்ற இடத்தைத் தட்டிப் பார்த்து, அங்கேயே துணியும் பசையும் வைத்து ஒட்டினார். வேறு இடத்தையும் பாருங்கோ என்று சொன்னேன். "வயித்துக்குத்து எண்டு வாறவனுக்கு நான் காதைப் பாக்கிறதோ?" என்று கேட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தண்ணீர் நிற்கவில்லை. எஞ்சின் பூட்டும் பலகையின் மூட்டுகளை ஒட்டினோம். பிறகும் நிற்கவில்லை. படகைக் கழுவினால் தண்ணீரைத் திறந்து விடுவதற்குப் பின்னால் ஒரு துவாரமும் அதற்கு ஒரு மூடியும் இருக்கும். அதில்தான் சந்தேகம் என்று அந்தத் துவாரத்தையே பசை வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டேன். அப்போதும் நிற்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம். நாயாற்றுக் களப்பில், அலையில்லாத தண்ணீரில், படகைக் காலை முதல் மாலை வரை கட்டிவிட்டுப் பார்த்தோம். துடைத்த இடம் துடைத்தபடி காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டும் வரவில்லை. கடலுக்குப் போனால் வருகிறது. கரையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அந்தக் கதைகளில் ஒன்று என் காதில் விழுந்து, உள்ளே போய் இருந்துகொண்டது. நான் சுகமில்லாமல் படுத்திருந்த ஒரு நாள் சூசை தனியாகப் படகைக் கரையேற்றினானாம். உருளைக் கட்டை போடாமல் பின்பக்கத்தைக் கல்லில் உரச இழுத்தானாம். ஆர் சொன்னார் என்றுகூட இப்போது நினைவில்லை. ஆனால் நம்பினேன்.

செப்டெம்பர் மாத முதல் கிழமையில் ஒரு நாள் சூடை மீன் நன்றாகப் பட்டது. பின்னால்தானே தண்ணீர் ஏறுகிறது, பின்பக்கத்தின் பாரத்தைக் குறைப்போம் என்று நான் சொன்னேன். வலையையும் மீனையும் அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, மாற்றினோம். திரும்பி வரும்போது சோளகக் காற்றும் பிடித்துக்கொண்டது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. சூசை இறைக்கிறான், இறைக்கிறான், குறைகிற பாடில்லை. எஞ்சின் இருமத் தொடங்கியது. மீனை முழுக்கக் கடலில் கொட்டினோம். வலையில் பாதியையும் விட்டோம். மாதாவே, மாதாவே என்றுதான் வாயில் வந்தது. வேறு செபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எப்படியோ கரை தட்டியது.

கால் மண்ணில் பட்டதும் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சூசையைப் பார்த்து, அவ்வளவு சனத்துக்கும் முன்னால் சொன்னேன்:

"நீ கட்டை போடாமல் இழுத்த அண்டைக்கே என்ர படகு செத்துப்போச்சு. இண்டைக்கு என்னையும் சாக்காட்டப் பாத்தனீ."

அவன் கையில் இறைக்கிற வாளி இருந்தது. அதைப் படகுக்குள் மெதுவாக வைத்தான். "படகு உங்கட. நாளைக்கு நான் வரேல்லை, அத்தான்" என்றான். அவ்வளவுதான். அடுத்த நாள் வேறொருவரோடு களப்பில் இறால் பிடிக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு படகு கரையில் கிடந்தது. பிலோமினா என்னைத் தனியே கடலுக்குப் போக விடவில்லை. வேறு யாரும் அந்தப் படகில் ஏறத் தயாரில்லை. தொழில் நின்றது. வீட்டில் சோறும் சொதியும் மட்டும். நான் கடலைப் பார்க்காமல், வீட்டுக்குப் பின்னால் போய் இருக்கப் பழகிக்கொண்டேன். இந்தக் கரையில் பிறந்தவனுக்கு அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

பிலோமினா தம்பிக்காக வழக்குப் பேசவில்லை. ஒரேயொரு நாள் மட்டும் கேட்டா: "இஞ்சாருங்கோ, அவன் கட்டை போடாமல் இழுத்ததை உங்கட கண்ணால கண்டனீங்களோ?"

நான் எழும்பி வீட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். காணவில்லை என்பதுதான் பதில்.

அந்தக் கிழமையே அவா ஒன்பது செவ்வாய் கோயிலுக்குப் போவதாக நேர்ந்தா. இங்கே எல்லோருக்கும் தெரியும், காணாமற்போனதைக் கேட்பதென்றால் புனித அந்தோனியாரிடம்தான் கேட்போம். நானும் கூடப் போய் முழந்தாளில் நின்றேன். நான் கேட்டது இதுதான்: "அந்தோனியாரே, சனம் தொலைத்த மாட்டையும் சங்கிலியையும் உம்மிடம் கேட்கிறது, நீர் எடுத்துக் கொடுக்கிறீர். நான் ஒரு ஓட்டையைத் தேடுகிறேன். ஆண்டவரிடம் பேசி அதைக் காட்டித் தாரும்." சிரிக்காதீர்கள். கண்ணீரோடுதான் கேட்டேன்.

ஐந்து செவ்வாய் போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது செவ்வாய் காலைப் பூசை முடிந்து வரும்போது ஒரு யோசனை வந்தது. வெளித் தண்ணீர் உள்ளே வருகிற வழியால் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே போகத்தானே வேண்டும்? படகுக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம் என்றேன். பிலோமினாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார்கள். படகின் முன்பக்கம் மேட்டில் இருந்தது. தண்ணீர் முழுக்கப் பின்பக்கத்தில் நின்றது. நான் வெளிப்பக்கம் சாம்பல் பூசிவிட்டு, படுத்துக் கிடந்து பார்த்தேன். சாம்பல் சாம்பலாகவே இருந்தது. ஈரம் இல்லை.

மனம் விட்டுப்போயிற்று. தண்ணீரைத் திறந்துவிடுவோம் என்றால் துவாரத்தைத்தான் நான் அடைத்துவிட்டேனே. மேலே நின்ற தண்ணீரை வாளியால் அள்ளினோம். கால் வைக்கிற தட்டுப் பலகைக்கு அடியில் நின்றதை அள்ள முடியவில்லை. பின்பக்கத்தைத் தூக்கி முன்னுக்குச் சரித்து, அணியத்துக்கு ஓடி வருவதை அள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். கரையில் நின்றவர்களைக் கூப்பிட்டேன். ஏழெட்டுப் பேர் வந்து, ஏலேலோ என்று சத்தம் வைத்துத் தூக்கினோம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு தூக்கும் சத்தம் கேட்டால் கோபக்காரனும் தாண்டிப் போகமாட்டான். தோள் கொடுத்துவிட்டுத்தான் போவான். சூசை களப்பிலிருந்து வலையோடு வந்துகொண்டிருந்தான். வலையைக் கீழே போட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே அணியத்துக்குப் போய், படகு சரிந்துவிடாமல் குனிந்து பிடித்தான்.

அணியம் ஒடுக்கமான இடம். கொஞ்சத் தண்ணீர் ஓடி வந்தாலும் அங்கே மட்டம் கிறுகிறுவென்று ஏறும். நாங்கள் பின்னால் உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறோம். அப்போது சூசையின் சத்தம் கேட்டது. ஆறு கிழமைக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

"அத்தான், இஞ்ச வாங்கோ. என்ர கையில தண்ணி விழுது."

கரையில் கிடந்த எண்ணெய்ப் பீப்பா ஒன்றைப் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஓடினேன். நீலப் பெயின்றுக்குக் கீழே, நூல் மாதிரி, நாலு இடத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சூசை நகத்தால் பெயின்றைச் சுரண்டினான். பித்தளை மினுங்கியது.

"கொம்பனிக்காரன் விட்ட பிழைபோல, அத்தான்" என்றான். அவனுக்குச் சூதுவாது தெரியாது. சுற்றி நின்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள்.

எனக்கு மட்டும் அது என்ன என்று தெரியும். படகு வந்த கிழமை, அந்தோனியார் படம் வைத்த சின்ன மரக்கூடு ஒன்றைச் செய்து அணியத்தின் உள்ளே பூட்டியவன் நான். அலை அடிக்கக்கூடாது என்று முன்தட்டுக்குக் கீழே தாழ்வாக வைத்தேன். நாலு பித்தளைத் திருகாணி. மரத்தில் ஆணி ஏற்றிப் பழகிய கை, பைபர் எவ்வளவு மெல்லியது என்று யோசிக்கவில்லை. ஆணி மறுபக்கம் வந்துவிட்டது. நுனியை அரத்தால் தேய்த்து, ஓட்டை அடைக்கிற பட்டி பூசி, மேலே நீலம் அடித்தேன். புதுப் படகைக் கெடுத்துவிட்டான் என்று சனம் சொல்லுமே என்று யாருக்கும் சொல்லவில்லை. கடல் அடித்துப் பட்டி உதிர்ந்துவிட்டது. வெறும் படகென்றால் அந்த இடம் தண்ணீருக்கு மேலே நிற்கும். பாரம் ஏறி அணியம் தாழ்ந்தால் தண்ணீருக்குள் போகும். உள்ளே வந்த தண்ணீர் தட்டுக்கு அடியால் ஓடிப் பின்பக்கத்தில் நிற்கும். நாங்கள் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டே இருந்தோம். மீனை முன்னுக்கு மாற்றிய நாளில் நாங்களே அந்த நாலு வாயையும் கடலுக்குள் அமுக்கியிருக்கிறோம்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் பழி கொம்பனிக்குப் போயிருக்கும். கொம்பனிக்காரன் இந்தக் கரைக்கு வந்து கேட்கப்போவதில்லை. ஒரு நிமிடம் அப்படித்தான் நின்றேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் காட்டித் தாரும் என்று ஆறு செவ்வாயாக அழுதவன் நான். காட்டியதை மறுபடியும் பெயின்ற் அடித்து மறைப்பதோ?

"கொம்பனி இல்லை. அது என்ர வேலை" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். "சூசை, நீ கட்டை போட்டுத்தான் இழுத்திருப்பாய். இவ்வளவு சனத்துக்கு முன்னால உன்னைப் பழி சொன்னன். அதே சனத்துக்கு முன்னால மன்னிப்புக் கேக்கிறன்."

பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்தா. சூசை அணியத்துக்குள் எட்டி அந்தக் கூட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பாவம் அந்தோனியார். உங்களைக் காட்டிக் குடுக்கிறதோ விடுறதோ எண்டு ஆறு செவ்வாய் யோசிச்சிருக்கிறார்" என்றான்.

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து அழுதேன்.

ஆணிகளைக் கழற்றி, நாலு துவாரத்தையும் உள்ளும் வெளியும் ஒட்டினோம். கூட்டை நைலோன் கயிற்றால் முன்தட்டோடு கட்டினோம். அடுத்த கிழமை பாரத்தோடு கடலுக்குப் போய் வந்தோம். தட்டைத் தூக்கிப் பார்த்தோம். காய்ந்து கிடந்தது. மிச்சம் மூன்று செவ்வாயையும் நன்றிக்காக மூன்று பேரும் சேர்ந்தே முடித்தோம்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. இப்போது சண்டையும் தொடங்கிவிட்டது. எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, கடலுக்குப் போகிற நாளும் குறைவு. போகிற நாட்களில் சூசையும் நானும் ஒன்றாகத்தான் போகிறோம். என்னில் மாறியது ஒன்று. ஏதாவது பிழைத்துப் போனால், ஆர் செய்தது என்று கேட்க வாய் உன்னும்போது, இதில் என் கை எங்கே பட்டது என்று முதலில் பார்க்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை. முயற்சி செய்கிறேன்.

பிள்ளைகளே, சகோதரங்களே, உங்களுக்கும் இடம் தெரியாமல் ஒழுகுகிற ஒன்று இருக்கும். வீட்டில் இருக்கலாம், மனதில் இருக்கலாம். சின்ன விஷயம் என்று ஆண்டவரிடம் கொண்டுபோக வெட்கப்படாதீர்கள். கேளுங்கள், நிச்சயம் காட்டுவார். ஆனால் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: காட்டுகிற இடத்தில் என் கையே இருந்தாலும், அதைச் சனத்துக்கு முன்னால் சொல்ல எனக்கு வாயைத் தாரும், ஆண்டவரே.