கரண்ட் போன பிறகும் நிற்காத பாட்டு

என் அக்காவுக்கு வந்த ஆரணிச் சம்பந்தம் தவறிப்போனதற்கு மின்சாரக்காரர்கள்தான் காரணம் என்று நான் ஒரு மணி நேரம் நம்பினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம், அத்தைதான் காரணம் என்று நம்பினேன். இரண்டையும் ஒரே பிடிவாதத்தோடு நம்பினேன். ஒன்பது வயதில் என்னிடம் வேறு சொத்து இல்லை. பிடிவாதம் மட்டும் இருந்தது. வாயும் கொஞ்சம் ஜாஸ்தி.

காஞ்சிபுரத்தில் எங்களுடையது நெசவுக்காரர் தெரு. வாசலைத் தாண்டினால் கூடம், கூடத்தை அடுத்துத் தறி, தறிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அப்பா குழித்தறியில் உட்கார்ந்திருப்பார். அப்பாவுடைய அக்கா, அதாவது எங்கள் அத்தை, பின்னறையில் ஒரு பல்பின் கீழே ராட்டினத்தில் பட்டு நூல் சுற்றுவாள். அம்மாவும் அக்காவும் அடுப்படிக்கும் தறிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பார்கள். நான் யாருக்கும் உபயோகமில்லாமல் எல்லா இடத்திலும் இருப்பேன்.

கூடத்தில் ஒரு ரேடியோ இருந்தது. தெருவில் மொத்தம் மூன்று ரேடியோக்கள். அதில் ஒன்று எங்களுடையது என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அதற்கு ஒரு பச்சைக் கண் உண்டு. உயிர் வந்தால் திறக்கும், நிறுத்தினால் மூடும். அந்த ரேடியோவில் நாங்கள் செய்தி கேட்கலாம், சினிமாப் பாட்டு கேட்கலாம். எங்களுக்குக் கையகல நிலம் இல்லாவிட்டாலும், நெல்லுக்கு எப்போது உரம் போட வேண்டும் என்றுகூடக் கேட்கலாம். கச்சேரி மட்டும் கூடாது. தம்புரா சத்தம் கேட்டதுமே தறியிலிருந்து அப்பா "பாப்பா" என்பார். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் எழுந்து வர நேரமாகும் என்பதால் அந்த உத்தியோகம் எனக்கு. நான் பாய்ந்துபோய்த் திருகிவிடுவேன். அப்பாவுக்குச் சங்கீதம் பிடிக்காது போலிருக்கிறது, சிலருக்குப் பாகற்காய் பிடிக்காத மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அத்தை பாடுவாள். பாடுவாள் என்றால் முணுமுணுப்பாள், அதுவும் தறி ஓடும்போது மட்டும். தறியின் சத்தம் மேலே ஓட, அவள் குரல் அடியில் ஓடும். பின்னறையில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தால்தான் காதில் விழும். இழை அறுந்து அப்பா தறியை நிறுத்தினால், அதே நொடியில் அவளும் நிறுத்திவிடுவாள். எனக்கு இது ஒரு விளையாட்டு. திடீரென்று அப்பாவிடம் எதையாவது கேட்டுத் தறியை நிற்கவைத்து, அத்தை ஏமாறுகிறாளா என்று பார்ப்பேன். ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை.

அக்காவுக்கு உள்ளூரில் இரண்டு இடம் பேச ஆரம்பித்து, விசாரித்த பிறகு வருகிறோம் என்றவர்கள் வராமலே போய்விட்டார்கள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாவதாக ஆரணியில் ஓர் இடம் தகைந்தது. அவர்களுக்கும் நெசவுதான், நான்கு தறி. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் வீட்டுப் பழைய கதை தெரியாது என்பதுதான் அப்பாவுக்கு அதில் பெரிய நிம்மதி. அமாவாசையன்று பெண் பார்க்க வரச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அமாவாசை என்றால் தறியில் உட்காரமாட்டோம். ஊரே ஓய்வாக இருக்கும், மாப்பிள்ளை வீட்டாருக்கும் வேலை கெடாது.

அவர்கள் உள்ளே வரும்போது ரேடியோ பாடிக்கொண்டிருக்க வேண்டும், அது வீட்டுக்கு ஒரு மதிப்பு என்று அப்பா முடிவு செய்தார். திருகும் பொறுப்பு வழக்கம்போல எனக்கு. இதில் ஒரு சிக்கல் இருந்தது. நாளைக்கு ரேடியோவின் சங்கீத விழா, விடிந்ததிலிருந்து ராத்திரி வரை கச்சேரிதான் என்று முந்தின நாளே அறிவித்திருந்தார்கள். அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். சொன்னால் ரேடியோவே வேண்டாம் என்றுவிடுவார்கள், புதுப் பாவாடை கட்டிக்கொண்டு எல்லோரும் பார்க்க ரேடியோவைத் திருகுகிற பெருமை போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்ட சில சமயங்களில் அது ஒன்று.

அத்தைக்கும் ஒரு பொறுப்பு தரப்பட்டது. பின்னறையில் இருக்க வேண்டும், வெளியே வரக்கூடாது. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறோம் என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அத்தை சரி என்றாள். அக்காவுக்குத் தலைபின்னிப் பூ வைத்து, நெற்றியை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டாள். அக்காவை எடுத்து வளர்த்தவளே அவள்தான். எனக்குக்கூட அது கொஞ்சம் உறுத்தியது, ஆனால் கேசரி வாசனையில் மறந்துவிட்டேன்.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. மாப்பிள்ளை எப்படி இருந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள், கைக்கடிகாரம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. நான் திருகினேன். பச்சைக் கண் திறந்தது. ஓர் அம்மாள் நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தார். அப்பா முகம் கறுத்தது. "பாப்பா" என்றார். நான் முள்ளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினேன். எங்கேயும் கரகரப்பு, இல்லாவிட்டால் அதே அம்மாள்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைத் தடுத்தார். இன்றைக்கு நாள் பூராவும் சங்கீதம், பஸ் பிடிக்க அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்த வருத்தத்தில் அவரே இருந்தாராம். சாய்ந்து உட்கார்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது என்பது மாப்பிள்ளை அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது. காபி வந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அந்த மனிதர் ரேடியோவைக் காட்டிச் சொன்னார்:

"இவங்கல்லாம் குடும்பத்துப் பொம்பளைங்க. கேக்கறதுக்கே மரியாதையா இருக்குது. எங்க சின்ன வயசுல கோயில்ல பொட்டு கட்டிக்கினு நின்னதுங்கதான் பாடும். நல்லவேளை, அதுங்க ஒழிஞ்சிதுங்க."

அப்பா தரையைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க" என்றார்.

அப்போதுதான் கரண்ட் போனது. பச்சைக் கண் மூடியது. ஒரு சொல்லை இழுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் குரல் பாதியிலேயே கரைந்தது. தறி ஓடாத நாள், ரேடியோக்களும் இல்லை. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சொல்லின் மீதியைப் பின்னறையிலிருந்து அத்தை பாடினாள்.

முணுமுணுக்கவில்லை. வாய்விட்டுப் பாடினாள். ரேடியோக் குரல் போல வழுவழுப்பு இல்லை, கொஞ்சம் கட்டையான குரல். முதல் இரண்டு வரி கரகரத்தது, அப்புறம் திறந்துகொண்டது. சுவரெல்லாம் அந்தக் குரலாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று இன்று எழுதலாம். உண்மையில் அன்று, மடியில் படுத்துக் கேட்ட பாட்டு இவ்வளவு பெரிதா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

யார் பாடுவது என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். பக்கத்து வீடு என்றார் அப்பா.

"இல்ல, எங்க அத்தை" என்றேன் நான். பெருமையாகத்தான் சொன்னேன்.

எங்கே கற்றுக்கொண்டாள் என்று அவர் என்னையே கேட்டார். அதுவும் எனக்குத் தெரியும். அத்தையே சொல்லியிருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி அவள் என் வயதில் கோயிலில் படித்தாள். "கோயில்லதான்" என்றேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். முன்னாடியே சொல்லியிருக்கலாம் என்றார். அப்பா எழுந்து கைகூப்பினார், அம்மா ஏதோ சொல்லிக் கெஞ்சினாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார், கைக்கடிகாரமும் பின்னாலேயே போயிற்று. இவ்வளவுக்கும் பாட்டு நிற்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் போகவில்லை. தறியின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னறை இருட்டைப் பார்த்தபடி நின்றாள். வெளியிலிருந்து அந்த மனிதர் இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், முட்டிவலியாக்கும் என்று நான் ஒரு மணையைக் கொண்டுபோய்ப் போட்டேன். உட்காரவில்லை. பாட்டு முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அப்பா பின்னறை வாசலில் போய் நின்றார். அடிக்கப்போகிறார் என்று பயந்து நானும் பின்னால் போனேன். அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"கரண்ட் போனது உனக்குத் தெரியலதானேக்கா?"

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும். ரேடியோவோடு சேர்ந்து பாடியவள் நிறுத்த மறந்துவிட்டாள் என்று அப்பா மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்.

"இருட்டுல ஒக்காந்துக்கினு தெரியாம இன்னா? தெரிஞ்சிதான் பாடினேன்" என்றாள் அத்தை. "நீ 'ஆமாங்க'ன்னது கூடக் கேட்டுச்சி தம்பி."

அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அக்கா பட்டுப்புடவையோடு அவரைத் தாண்டி உள்ளே போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தாளு வந்து கூப்ட்டாலும் அந்த வூட்டுக்கு நான் போவலபா" என்றாள். சாதாரணமாக அப்பா முன்னால் அவளுக்குக் குரலே எழும்பாது. கொஞ்ச நேரம் கழித்து அத்தை, அந்த மனிதர் தொடையில் போட்ட தாளம் முழுக்கத் தப்பு என்றாள். அக்கா சிரித்துவிட்டாள். அம்மா மட்டும் அழுதாள், அழுதுகொண்டே கேசரியைப் பங்கு போட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் இல்லை, ஆரணிக்குப் பஸ் பயணம் இல்லை, எனக்குச் சொல்லியிருந்த பட்டுப்பாவாடை இல்லை. கரண்டைத் திட்டிப் பார்த்தேன், ஆறவில்லை. நேரே போய் அத்தையிடம், "உன்னாலதான் எல்லாம் போச்சு" என்றேன். "ஆமா, என்னாலதான்" என்றாள். அவள் மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒப்புக்கொண்டவளிடம் என்ன செய்வது? பேச்சை நிறுத்திவிட்டேன்.

அம்மா எனக்கு மீதியைச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. அத்தையை ஏழு வயதில் பொட்டு கட்டிக் கோயிலுக்கு விட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பெண்ணை அப்படி விடுவது அன்று மரியாதை. அதைத் தடுத்துச் சட்டம் வந்த பிறகு அதே மரியாதை அவமானமாகிவிட்டது. தாய் தகப்பன் போன பிறகு அப்பாவை வளர்த்தவள் அவள். அவளைக் காரணம் காட்டி மூன்று பேர் அப்பாவுக்குப் பெண் தர மறுத்தார்கள். நாலாவதாக என் தாத்தா, அம்மாவின் அப்பா, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அந்த வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது. அத்தை வாக்குக் கொடுத்தாள். தம்பிக்காகக் கொடுத்த வாக்கு, இருபது வருஷம் காப்பாற்றினாள். தம்பியே 'ஆமாங்க' என்றதும் விட்டுவிட்டாள். விட்டது சரிதான். நானாக இருந்தால் இருபது நாள்கூடத் தாங்கியிருக்கமாட்டேன்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மறுநாளிலிருந்து அத்தை தினமும் வாய்விட்டுப் பாடினாள், தறி ஓடினாலும் நின்றாலும். அப்பா குனிந்த தலையோடு நெய்தார். தெருப் பெண்கள் முறத்தையும் கீரையையும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு எரிச்சல் மூட்டவேதான் பாடுகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். இவளை நிறுத்த இந்த வீட்டில் யாருக்கும் தைரியமில்லை, எனக்கு இருக்கிறது. கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டை கிழிய வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு.

அத்தை நிறுத்தவில்லை. நான் வேகமாகச் சொன்னால் அவளும் வேகமாகப் பாடினாள். நான் மூச்சு வாங்கினால் அவளும் காத்திருந்தாள். கீரை ஆய்ந்தவர்கள் கையைத் தட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தி, பதினாறேழு நூத்திப் பன்னெண்டு என்று முடித்தேன். அதே இடத்தில், அதே அடியில், அத்தையின் பாட்டும் நின்றது.

எனக்குப் பயந்து நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, ஜெயித்த மிதப்பில் தெருவுக்கு விளையாட ஓடினேன்.